தொடக்கக் கோட்டுக்கு வந்து சேரும் செலவு

பெரியவர்கள் பொழுதுபோக்காகக் கலந்துகொள்ளும் ஸ்னோபோர்டு பந்தயத்தைப் பற்றி நாம் எழுதுகிறோம் என்றால் சில தோழர்களுக்குச் சிரிப்பு வரலாம். பனியே விழாத ஊரில் இருந்துகொண்டு, அமெரிக்கப் பனிமலைகளில் பலகை கட்டிச் சறுக்குகிறவர்களின் செலவுக் கணக்கை நாம் ஏன் பார்க்க வேண்டும்?

காரணம் இருக்கிறது. "போட்டி எல்லோருக்கும் திறந்திருக்கிறது, திறமை இருந்தால் வா" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கல்லூரி அனுமதியில் கேட்டிருக்கிறோம், வேலை நேர்காணலில் கேட்டிருக்கிறோம், மைதானத்தில் கேட்டிருக்கிறோம். நமக்கு நேரடிச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் அதே பேச்சு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அதன் உள்கட்டமைப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சாதி என்ற சொல்லை எடுத்தவுடன் இங்கே எழும் கூச்சல் அங்கே இல்லை. அதனால் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு காரணம், நம் பிள்ளைகள் இப்போது மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறார்கள். முதல் குளிர்காலத்திலேயே வகுப்புத் தோழர்களிடமிருந்தோ அலுவலகத்திலிருந்தோ "பனிமலைக்குப் போகலாமா" என்ற அழைப்பு வரும். அந்த அழைப்புக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு என்ன என்று தெரிந்திருப்பது நல்லது. போக முடியாததைத் தங்கள் குறையாக அவர்கள் நினைக்க வேண்டியதில்லை.

பத்து டாலர் பொம்மையாகத் தொடங்கிய விளையாட்டு

ஸ்னோபோர்டு என்பது ஒரே ஒரு அகலமான பலகை. இரண்டு கால்களையும் அதில் பிணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி பனிச்சரிவில் இறங்க வேண்டும். பந்தயம் என்றால் சரிவில் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றை வளைந்து வளைந்து கடந்து கீழே வர வேண்டும். நேரம் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படும்.

இதன் பிறப்பு எளிமையானது. 1965 கிறிஸ்துமஸ் நாளில், மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துப் பிணைத்தார். 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தார்கள். பத்துப் பதினைந்து டாலருக்குக் கடையில் கிடைக்கும் பொம்மையாக அது லட்சக்கணக்கில் விற்றது. லிஃப்ட் வேண்டாம், ரிசார்ட் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தால் போதும். 1960களின் கடைசியிலேயே மஸ்கீகனில் ஸ்னர்ஃபர் பந்தயங்கள் நடந்தன.

1979-ல் மிச்சிகனில் நடந்த அப்படியொரு பந்தயத்துக்கு ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் தானே செய்த பலகையோடு வந்தார். மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உடனே அவருக்காக 'ஓப்பன்' என்று தனிப் பிரிவு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் அவர் ஒருவர்தான் போட்டியாளர், அவரே வென்றார். பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய ஸ்னோபோர்டு நிறுவனங்களில் ஒன்று அவருடையதானது. விதி என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல, வேண்டுமென்றால் ஒரே மதியத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு இந்தச் சம்பவம் சான்று.

அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான ஸ்கீ மலைகள் ஸ்னோபோர்டை உள்ளே விடவில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்ட்ராட்டன் மலை 1983-ல் அனுமதித்தது. ஒவ்வொன்றாக மற்ற மலைகளும் திறந்தன. 1998-ல் ஜப்பானின் நாகானோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு ஜயன்ட் ஸ்லாலம் பந்தயம் இடம்பெற்றது. விளையாட்டுக்கு மரியாதை கிடைத்தது. மலைக்குள் நுழைந்த கையோடு மலையின் விலைப்பட்டியலும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

நுழைவுக் கட்டணம் சிறிது, வாசல் பெரிது

அமெரிக்காவில் பெரியவர்கள் பந்தயம் ஓட இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. ஒன்று 'நாஸ்டார்'. 1968-ல் ஸ்கீ பத்திரிகையின் ஆசிரியர் ஜான் ஃப்ரை தொடங்கியது. யார் வேண்டுமானாலும் வந்து ஓடலாம், ஸ்னோபோர்டுக்கும் பிரிவு உண்டு. இன்னொன்று 'யுஎஸ்ஏஎஸ்ஏ' என்ற ஸ்னோபோர்டு, ஃப்ரீஸ்கீ சங்கம். 1980களின் இறுதியில் உருவானது. வட்டார அளவில் தொடர் போட்டிகள் நடத்தி, கொலராடோவின் காப்பர் மவுன்டனில் தேசியப் போட்டிக்கு அழைத்துப் போகிறது. ஏழு வயதுக் குழந்தை முதல் அறுபது தாண்டியவர் வரை வயதுப் பிரிவுகள் வைத்திருக்கிறது.

பந்தயத்துக்கான கட்டணத்தை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. நாஸ்டாரில் ஒரு ஓட்டத்துக்குச் சில டாலர்தான். "இவ்வளவு மலிவாக இருக்கிறதே, வராதவர்களுக்கு ஆர்வமில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பந்தயம் நடக்கும் இடம் மலையின் நடுவில். அங்கே போக லிஃப்ட் டிக்கெட் வேண்டும்.

கொலராடோவின் வெயில் மலை 1962 டிசம்பரில் திறந்தபோது ஒரு நாள் டிக்கெட் 5 டாலர். அப்போதைய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.15 டாலர். நாலரை மணி நேரம்கூட முழுதாக வேலை செய்யத் தேவையில்லை, டிக்கெட் கைக்கு வந்துவிடும். இன்று அதே மலையில், கூட்டம் மிகுந்த நாட்களில் கவுன்டரில் வாங்கும் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியோ 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது. 300-ஐ 7.25-ஆல் வகுத்துப் பாருங்கள், 41 மணி நேரம் வருகிறது. ஒரு வாரம் முழுக்க உழைத்த கூலியைக் கொடுத்தாலும் ஒரு நாள் சறுக்க முடியாது. கொலராடோ மாநிலத்தின் சொந்தக் குறைந்தபட்சக் கூலி அதிகம், 2025-ல் 14.81 டாலர். அந்தக் கணக்கிலும் 20 மணி நேரம். 1962-ல் அரை நாள் உழைப்பாக இருந்தது இப்போது இரண்டரை நாள் உழைப்பு.

"கவுன்டர் விலையில் யார் வாங்குகிறார்கள், சீசன் பாஸ் வாங்கினால் மலிவுதானே" என்று கேட்பார்கள். உண்மைதான். வெயில் நிறுவனம் 2008-ல் 579 டாலருக்கு அறிமுகப்படுத்திய எபிக் பாஸ், இப்போது ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தாலும், அடிக்கடி போகிறவருக்கு லாபம். ஆனால் அந்த லாபம் யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பனி விழுவதற்கு முன்பே, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வசதி உள்ளவருக்கு. குளிர்காலத்தில் இத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்று இப்போதே தெரிந்தவருக்கு. அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் என்றே தெரியாத ஓட்டல் ஊழியருக்கும் கிடங்குத் தொழிலாளிக்கும் கவுன்டர் விலைதான் மிஞ்சுகிறது. கையில் காசு குறைவாக இருப்பவர் ஒவ்வொரு தடவையும் அதிக விலை கொடுக்கிறார். மாத மளிகையை மொத்தமாக வாங்குகிற வீட்டையும், தினமும் அண்ணாச்சி கடையில் கால் கிலோ பருப்பு வாங்குகிற வீட்டையும் நினைத்துப் பாருங்கள், விஷயம் புரியும்.

டிக்கெட்டோடு முடிவதில்லை. பந்தயத்துக்கென்று தயாரிக்கும் பலகை நீளமானது, விறைப்பானது. அதற்குச் சாதாரண மென்மையான பூட்ஸ் உதவாது, கெட்டியான பூட்ஸும் தனி வகைப் பிணைப்பும் வேண்டும். சிறிய பட்டறைகளில் செய்யப்படுவதால், நல்ல பந்தயப் பலகை மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல் போகும். சாதாரணக் கடையில் வாடகைக்கும் அரிதாகத்தான் கிடைக்கும். ஹெல்மெட், குளிருடை, மெழுகு, விளிம்பு தீட்டும் கருவி தனி. மலைக்குப் பேருந்து இல்லையென்றால் கார் வேண்டும். தங்க அறை வேண்டும். விழுந்து மணிக்கட்டு முறிந்தால், எல்லோருக்கும் பொதுவான அரசு மருத்துவம் இல்லாத நாட்டில், காப்பீடு இல்லாதவர் வருடக்கணக்கில் கடன் கட்ட வேண்டியிருக்கும். கட்டடத் தொழிலாளிக்குக் கை முறிந்தால் வருமானமும் நின்றுவிடும். அபாயத்தோடு விளையாடுவதற்கும் ஒரு சொத்து வேண்டும்.

கடிகாரத்தைத் திருத்துகிறார்கள், யாரும் கத்துவதில்லை

இப்போது நாஸ்டார் எப்படி மதிப்பெண் போடுகிறது என்று பார்ப்போம். நமக்கு இந்த இடம் முக்கியம்.

ஒவ்வொரு மலையிலும் வேகம் நிர்ணயிக்கும் வீரர் ஒருவர் இருப்பார். நாட்டின் தலைசிறந்த வீரரைவிட அவர் எத்தனை சதவீதம் மெதுவானவர் என்பது முன்பே கணக்கிடப்பட்டிருக்கும். அன்றைய தினம் அவர் அந்தப் பாதையில் ஓடுவார். அவருடைய நேரத்திலிருந்து, தலைசிறந்த வீரர் இன்று இங்கே ஓடியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கண்டுபிடிப்பார்கள். அது 20 நொடி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 24 நொடியில் வந்தால் உங்கள் ஹேண்டிகேப் 20. அதற்கப்புறம் உங்கள் வயதையும் பாலினத்தையும் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலத்துக்கான எல்லை வேறு வேறு. 25 வயது ஆணுக்குப் பதக்கம் பெற்றுத் தராத நேரம், 65 வயதுப் பெண்ணுக்குத் தங்கம் பெற்றுத் தரும்.

அந்தப் பெண் மேடையேறிப் பதக்கம் வாங்கும்போது "தகுதி செத்துவிட்டது" என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவரைவிட வேகமாக வந்த இளைஞர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஒரே கடிகாரத்தால் எல்லோரையும் அளப்பது நியாயமல்ல என்பது வசதி படைத்தவர்களின் விளையாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சாதாரண விஷயம்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும் தோழர்களே. இதை அப்படியே இடஒதுக்கீட்டோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. வயது ஆக ஆக உடல் மெதுவாகிறது, அது இயற்கை. சாதியால் யாருடைய மூளையும் உடலும் மெதுவாவதில்லை. இடஒதுக்கீடு நம் திறமைக் குறைவுக்குக் கொடுக்கும் சலுகை என்று எதிரிகள் சொல்வதை நாமே வேறு வார்த்தையில் சொல்லிவிடக் கூடாது. இடஒதுக்கீடு சரிசெய்ய முனைவது ஓட்டத்தின் வேகத்தை அல்ல, மலைக்கு வந்து சேரும் பாதையை. நாஸ்டாரின் மொழியில் சொன்னால் அது ஹேண்டிகேப் அட்டவணை அல்ல, லிஃப்ட் டிக்கெட்.

நாஸ்டார் தொடாமல் விடுவதும் அதைத்தான். வயதுக்குத் திருத்தம் உண்டு, பாலினத்துக்கு உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாவின் காரில் மலைக்குப் போனவரும், 32 வயதில் சொந்தக் காசில் முதன்முதலாகப் பலகையில் ஏறியவரும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இடையே உள்ள பத்து நொடி வித்தியாசம் 'திறமை' என்று பதிவாகிறது. அந்தப் பத்து நொடிக்குள் இருபது வருட டிக்கெட் செலவு ஒளிந்திருக்கிறது. மலைக்கே வராதவரின் கணக்கு எந்தச் சதவீதத்திலும் இல்லை. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைத்தான் பண்பாட்டு மூலதனம் என்ற கருத்தால் விளக்கினார். பணம் ஒரு தலைமுறையில் உடம்புக்குள் போய்ப் பழக்கமாகி, அடுத்த முறை வெளியே வரும்போது 'இயல்பான ஆற்றல்' என்ற முகத்தோடு வருகிறது.

அரசமைப்பை அழைத்த பலகைக்காரர்கள்

அமெரிக்காவில் இன்றும் மூன்று மலைகள் ஸ்னோபோர்டை அனுமதிப்பதில்லை. யூட்டாவின் ஆல்டா, டீர் வேலி, வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென். 2014-ல் சில ஸ்னோபோர்டு ஆட்டக்காரர்கள் ஆல்டாவுக்கு எதிராகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கையில் எடுத்தது அரசமைப்பின் 14-வது திருத்தம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கறுப்பின மக்களுக்குச் சமமான சட்டப் பாதுகாப்பு தருவதற்காக வந்த திருத்தம் அது. ஆல்டா மலையின் பெரும்பகுதி அரசு வன நிலம், பொது நிலத்தில் ஒரு பிரிவினரை மட்டும் வெறுத்து ஒதுக்குகிறார்கள் என்பது வாதம். தடை என்பது ஒரு தனியார் நிறுவனத்தின் முடிவு, அரசின் செயல் அல்ல என்று சொல்லி, 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களைத் திருப்பி அனுப்பியது.

இந்த வழக்கை நாம் கேலி செய்யவில்லை. பொது நிலத்தை வாடகைக்கு எடுத்தவர் 'எனக்குப் பிடிக்காதவன் வராதே' என்று சொல்லலாமா என்பது உண்மையான கேள்வி. ஆனால் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலகையைக் கழற்றிவிட்டு ஸ்கீயை மாட்டிக்கொண்டால் அவர்கள் ஆல்டாவுக்குள் போகலாம். பிறப்பைக் கழற்றி வைக்க முடியாது. இரண்டாவது, பலகைக்குத் தடை போட்டால் அரசமைப்புவரை போகிறார்கள். வாசலில் எழுதியிருக்கும் விலை அதைவிடப் பல மடங்கு மக்களைத் திருப்பி அனுப்புகிறது, அதைத் தடை என்று யாரும் அழைப்பதில்லை.

நமக்கு மகாட் நினைவுக்கு வரும். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-ல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்து தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் பொதுவானது, தண்ணீரில் கைவைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துக்கொண்டு போய்க் குடித்த பிறகுதான் அந்த இடைவெளி நாட்டுக்குத் தெரிந்தது. சாதியும் டிக்கெட் விலையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. குளத்தில் இறங்கிய நம் மக்களை அடித்தார்கள், டிக்கெட் கவுன்டரில் யாரும் அடிப்பதில்லை. சட்டம் 'பொது' என்று சொல்வதற்கும் கால் அங்கே படுவதற்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கும் பழக்கம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மலை யாருடையது

அமெரிக்க வனத்துறையின் நிலத்தில் 122 ஸ்கீ மலைகள் அனுமதி பெற்று நடக்கின்றன. வெயில் மலையும் அப்படிப்பட்டதே. மக்களின் நிலம். அதற்காக நிறுவனங்கள் அரசுக்குக் கட்டுவது வருமானத்தில் 1.5 முதல் 4 சதவீதம் வரை. அந்த நிலம் அரசிடம் வந்த கதையும் உண்டு. மேற்குக் கொலராடோவில் வாழ்ந்த யூட் பழங்குடியினரில் பெரும்பாலோரை 1881-ல் அங்கிருந்து யூட்டாவுக்கு விரட்டினார்கள். இன்று அதே மலைகளுக்கு வருகிறவர்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையர்கள்.

மலையைப் பாதுகாக்கிறவர்களின் நிலை என்ன? யூட்டாவின் பார்க் சிட்டியில், அடிபட்டவர்களைத் தூக்கி வருகிற, பனிச்சரிவு அபாயத்தைக் கண்காணிக்கிற ரோந்துப் பணியாளர்கள் ஏறத்தாழ 200 பேர், 2024 டிசம்பர் 27 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலர், அதை 23 ஆக்குங்கள் என்று கேட்டார்கள். விடுமுறைக் கூட்டம் நிரம்பிய நேரம், மலையின் பெரும்பகுதியைத் திறக்க முடியவில்லை. ஜனவரி 8-ம் தேதி உடன்பாடு வந்தது, கேட்டது கிடைத்தது. டிக்கெட் விலை உயர்ந்ததற்குக் கூலிதான் காரணம் என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

வேறு மாதிரியும் நடத்த முடியும் என்பதற்கு அங்கேயே சான்றுகள் உள்ளன. கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் நகரில் ஹவெல்சன் ஹில் என்ற குன்று 1915 முதல் இயங்குகிறது. அது நகராட்சிக்குச் சொந்தம். குளிர்கால ஞாயிறுகளில் இலவசமாகவே சறுக்க விட்டிருக்கிறார்கள். அந்தச் சின்னக் குன்றில் பயின்றவர்களிலிருந்து ஒலிம்பிக் வீரர்கள் ஏராளம் வந்திருக்கிறார்கள். மினசோட்டாவில் ஹைலண்ட் ஹில்ஸ் ஒரு பொதுப் பூங்கா அமைப்பின் கையில் இருக்கிறது. அதே மாநிலத்தின் பக் ஹில் தனியார் குன்றுதான், உயரம் சுமார் 300 அடி. ஆனால் நகரத்தை ஒட்டி இருப்பதால் பெரியவர்கள் வேலை முடிந்து இரவில் வந்து லீக் பந்தயம் ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அறை வாடகை இல்லை, விடுப்பு இல்லை. நியூ மெக்சிகோவில் ஸ்கீ அப்பாச்சி மலையை மெஸ்கலேரோ அப்பாச்சி பழங்குடியும், அரிசோனாவில் சன்ரைஸ் மலையை ஒயிட் மவுன்டன் அப்பாச்சி பழங்குடியும் சொந்தமாக வைத்து நடத்துகின்றன. பனி எல்லா இடத்திலும் ஒரே பனிதான். விலையைத் தீர்மானிப்பது மலை யார் கையில், எவ்வளவு தூரத்தில், எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்பதே.

அமைப்பாகத் திரண்டவர்கள்

1973-ல் பென் ஃபின்லி, ஆர்ட் க்ளே என்ற இரண்டு கறுப்பினத் தோழர்கள், நாடெங்கும் தனித்தனியாக இருந்த கறுப்பர் ஸ்கீ மன்றங்களைக் கொலராடோவின் ஆஸ்பனுக்கு அழைத்தார்கள். 13 மன்றங்களிலிருந்து சுமார் 350 பேர் வந்தார்கள். விளையாட வந்த கூட்டம்தான். ஆனால் இத்தனை கறுப்பர்கள் ஒரே மலையில் என்றதும் மாநில ஆளுநர் தேசியக் காவற்படையைத் தயாராக வைத்தார். அந்தச் சந்திப்பிலிருந்து 'நேஷனல் பிரதர்ஹுட் ஆஃப் ஸ்கீயர்ஸ்' உருவாகி இன்று 50-க்கும் மேற்பட்ட மன்றங்களோடு இயங்குகிறது.

அவர்கள் செய்ததை நாம் படிக்க வேண்டும். மன்றமாகச் சேர்ந்தால் பேருந்து ஒன்று போதும். அறையைப் பகிரலாம், கூட்டு விலை பேசலாம். முதல் தடவை வருகிறவருக்கு மூத்தவர் சொல்லிக்கொடுப்பார், பயிற்சிக்கு இன்னொரு பணம் வேண்டாம். 40 வயதில் விழுந்து எழும்போது சுற்றி நிற்பவர்கள் தன் ஆட்கள் என்ற தைரியம் இருக்கும். அந்தக் கடைசி விஷயத்தை எந்த விலைப்பட்டியலிலும் காண முடியாது. அதோடு நின்றுவிடாமல், கறுப்பின இளைஞர்களைத் தேசிய அணிக்குக் கொண்டுபோக நிதியும் திரட்டினார்கள். பெரியவர்கள் விளையாடியதால்தான் பிள்ளைகளுக்கு வழி கிடைத்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், விளையாட்டு நலத் திட்டங்கள் பெரும்பாலும் சிறுவர்களோடு நின்றுவிடுகின்றன. ஏழைப் பிள்ளையை மலைக்கு இலவசமாக அழைத்துப் போகும் நல்ல திட்டங்கள் அமெரிக்காவில் உண்டு. பர்ட்டன் தம்பதியர் 1995-ல் தொடங்கிய 'சில்' அமைப்பு அப்படி ஒன்று. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து தன் கூலியில் திரும்பி வர நினைத்தால் 300 டாலர் கேட்கிறது கவுன்டர். சிறுவனின் விளையாட்டை உலகம் 'எதிர்காலம்' என்று பார்க்கிறது. உழைக்கும் பெரியவரின் விளையாட்டை 'வேலை இல்லாத வெட்டித்தனம்' என்று பார்க்கிறது.

"சோற்றுக்கே வழி தேடும் மக்களுக்குச் சறுக்கு விளையாட்டு எதற்கு" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். நம் தாத்தா பாட்டிகளின் நேரம் முழுவதும் பண்ணையாருடையதாக இருந்தது. ஓய்வு என்பதே அவர்களுக்குத் திருட்டு. உழைக்கும் மனிதருக்குத் தன் உடம்பைத் தன் சந்தோஷத்துக்காகப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்பது சுயமரியாதையின் ஒரு பகுதி. கூலி உயர்வும் வார விடுமுறையும் எட்டு மணி நேர வேலையும் கேட்ட போராட்டங்கள் இதையும் சேர்த்துத்தான் கேட்டன.

நாம் போட வேண்டிய கணக்கு

ஸ்னோபோர்டை விடுங்கள். உங்கள் மாவட்டத்தில் 'அனைவரும் பங்கேற்கலாம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும் அடுத்த மாரத்தானையோ, நீச்சல் குளத்தையோ, ஷட்டில் கோர்ட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகள் போதும்.

நிலம் யாருடையது, அது பொது நிலமாக இருந்தால் நடத்துகிறவர் அரசுக்கு என்ன கட்டுகிறார்? நுழைவுக் கட்டணத்தைத் தவிர போய்ச் சேர, உடை உபகரணம் வாங்க எவ்வளவு ஆகும்? அந்த மொத்தத் தொகை நூறு நாள் வேலைக் கூலியில் எத்தனை நாள்? திறந்திருக்கும் நேரத்தில் கூலி வேலைக்குப் போகும் ஆணும் பெண்ணும் வர முடியுமா? சேரியிலிருந்து 35 வயதுப் பெண் ஒருவர் தனியாக வந்தால் அங்கே இருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

முதல் கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். நடுவில் உள்ள மூன்றுக்குப் பேனாவும் காகிதமும் போதும். ஐந்தாவதற்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும், ஒருவராக அல்ல, பத்துப் பேராகப் போங்கள். கணக்கை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்தடுத்து வெளியிடுகிறோம். அடுத்த முறை யாராவது "எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது" என்று சொன்னால், ரசீதோடு பேசலாம்.